வணக்கம், சுண்டெலி

எனக்குச் சந்தேக புத்தி. அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. கதவைப் பூட்டியதும் இழுத்துப் பார்ப்பேன். படி இறங்கிய பிறகு திரும்ப ஏறி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால், இவருக்கு நம்மிடம் என்ன ஆக வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். கட்டிக்கொண்ட மனுஷர் இதை வியாதி என்கிறார். ஆனால் எனக்குச் சோறு போடுவதே இந்த வியாதிதான்.

பல் மருத்துவமனைகளுக்கு, யார் எப்போது வர வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுக்கும் மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனியில் நான் கையேடு எழுதுகிறேன். இதை அழுத்து, அதைத் திற, இப்படி வந்தால் சரி, அப்படி வந்தால் தப்பு என்று எழுதுவது. நிரல் எழுதுகிறவர்கள் 'அதெல்லாம் தானா வேலை செய்யும்' என்பார்கள். அந்த வாக்கியத்தை எவன் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். ஒவ்வொரு படியையும் நானே செய்து, அதிலும் என் கணினியில் ஒருமுறையும் வேறு ஒருவர் கணினியில் ஒருமுறையும் செய்து பார்த்த பிறகுதான் எழுதுவேன். நல்லெண்ணத்தோடு எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு ஒரு மின்விசிறியைக்கூட ஓடவைக்க முடியாது.

அந்தக் கம்பெனியிலேயே என் நாத்தனாரும் நிரல் எழுதுகிறாள். வேலைக்கு அவள் பெயரைச் சொன்னதே நான்தான். படிப்பு முடிந்து சும்மா இருக்கிறாளே என்று என் கணவர் நச்சரித்ததால் சொன்னேன். எங்கள் வீட்டிலேயே, உள்ளறையில் தங்கியிருந்தாள். ஆள் ஒல்லி, குள்ளம், நடந்தால் சத்தமே வராது. அண்ணன் சின்ன வயதிலிருந்தே அவளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிடுவார். அவளும் வெட்கமில்லாமல் ஆபீஸ் சர்வரில் தன் கணக்குக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டாள்.

அவள் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கத்தான் செய்தது. போன் வந்தால் பால்கனிக்குப் போய்விடுவாள். நான் அறைக்குள் நுழைந்தால் மடிக்கணினி மூடியைச் சாத்துவாள். வேறு கம்பெனிக்குத் தூது விடுகிறாளோ என்று கணவரிடம் கேட்டேன். "வீட்டுக்குள்ள பேசினா நீ கேக்குற, அதான் வெளிய போறா" என்றார். எந்த விஷயத்திலும் அவருக்குத் தங்கை பக்கம்தான் காற்று வீசும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சம்பவம் நடந்தது.

எங்கள் ஆபீஸில் ஒரு டியூட்டி லேப்டாப் உண்டு. ஆபீஸ் நேரம் முடிந்து எங்காவது கோளாறு என்றால் பார்ப்பதற்கு வாரம் ஒருவராக அதை எடுத்துப்போவோம். அதற்குள் எல்லாருடைய சாவிகளும் இருக்கும். சாவி என்றால் பல்லும் பிடியும் உள்ள சாவி அல்ல. ஒரு சின்னக் கோப்பு. நாங்கள் எழுதும் நிரல் முழுவதும் கிட் சர்வர் என்கிற பொதுச் சேமிப்புக் கணினியில் இருக்கிறது. அந்த சர்வர் நம் முகத்தைப் பார்க்காது, பெயரைக் கேட்காது. எந்தச் சாவியை நீட்டுகிறோமோ, அந்தச் சாவிக்குச் சொந்தக்காரர்தான் வந்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டு உள்ளே விடும். ஒரு குடும்பத்தின் சாவிகள் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தது போன்ற ஏற்பாடு. இது எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரம் டியூட்டி சுண்டெலிக்கு. வாரத்தின் நடுவில் ஒருநாள் மத்தியானம் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக நாலு பேர் சேர்ந்து மாங்கு மாங்கென்று உழைத்த பகுதி, நோயாளிகளுக்கு நினைவூட்டல் அனுப்பும் பகுதி, சர்வரில் இருந்தது. திரையைத் திறந்தால் வெறும் வெள்ளை. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் யாரோ பழைய பிரதி ஒன்றைக் கட்டாயமாக மேலே தள்ளி, அந்த வேலை அத்தனையையும் துடைத்துவிட்டிருந்தார்கள். சர்வர் 'வேண்டாம், உன் பிரதி பழசு' என்று தடுக்கும். அதையும் மீறித் தள்ளுவதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. எங்கள் ஆபீஸில் அதைத் தொடவே கூடாது என்று விதி. வேலையை மீட்டுவிட்டார்கள், அது வேறு விஷயம். வந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் வாட்ச்மேன் என்போம். அவர் பதிவைத் திறந்து படித்தார். டியூட்டி லேப்டாப்பிலிருந்து வந்தது. கணக்கின் பெயர், சுண்டெலி.

"நான் பண்ணல" என்றாள் அவள். "சார்தான் காலைல லேப்டாப்ப எடுத்துட்டுப் போனார். டெமோவுக்கு வேணும்னு."

சார் என்றால் எங்கள் மேலாளர். ஒரு காலத்தில் நிரல் எழுதியவர். இப்போதும் அவ்வப்போது கை வைப்பார், வைத்ததை எல்லாரிடமும் சொல்லிக்கொள்வார். அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட கணக்குப் பெயர் சிங்கம். முதுகுக்குப் பின்னால் நாங்களும் அப்படித்தான் சொல்வோம், வேறு தொனியில்.

"எடுத்தேன், புரொஜெக்டர்ல மாட்டிப் பாத்தேன், திருப்பிக் கொடுத்துட்டேன்" என்றார் சிங்கம். "அதுக்கப்புறம் நடந்ததுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? பேரு உன் பேரு."

அவளைத் தனியாகக் கூப்பிட்டு அவர் சொன்னதை அவளே வந்து என்னிடம் சொன்னாள். அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் ஒத்துக்கொண்டால், நல்லபடியாக எழுதிக் கொடுத்து வேலையை விட்டு அனுப்புவார். ஒத்துக்கொள்ளாவிட்டால் பாதுகாப்பு மீறல் என்று எழுதி அனுப்புவார். அதன் பிறகு எந்தக் கம்பெனியும் அவளை வாசற்படி ஏற விடாது.

அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் நேராகவே கேட்டேன்.

"உண்மையச் சொல்லு. கை தவறி அமுக்கிட்டியா? நம்ம வீட்டுக்குள்ள சொல்றதுக்கு என்ன?"

"இல்ல அண்ணி."

"சர்வர் பொய் சொல்லாதே?"

"அப்ப நான் சொல்றேனா?"

"அவ சொல்றா இல்ல, விடு" என்றார் என் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. அவ பேரச் சொல்லி சேத்துவிட்டது நான். நாளைக்கு என் மூஞ்சியத்தான் எல்லாரும் பாப்பாங்க."

சுண்டெலி எழுந்து உள்ளே போய்விட்டாள். சத்தமில்லாமல்தான் போனாள், அதுவே எனக்குக் குற்றவாளியின் நடையாகத் தெரிந்தது. அன்று நான் அவளை நம்பவில்லை.

மறுநாள் சிங்கம் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு கையேடு எழுதணும் மேடம். ஒரே மெஷின்ல பல பேரோட கணக்கு இருந்தா, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஏலியாஸ்ல எப்படிப் போகணும், எப்படி சோதிக்கணும். படிப்படியா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வாசிப்பு வெச்சுக்கலாம். இனிமே எவரும் 'நான் இல்ல'ன்னு சொல்ல வழி இருக்கக் கூடாது."

என் நாத்தனாரின் கழுத்துக்குக் கயிறு திரிக்கச் சொல்கிறார் என்று புரிந்தது. ஆனாலும் வேலை வேலைதான்.

ஏலியாஸ் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சர்வரின் முகவரி நீளமாக இருக்கும். அதற்கு நாமே ஒரு செல்லப் பெயர் வைத்து, 'இந்தப் பெயரைச் சொன்னால் இந்த முகவரிக்குப் போ, இன்ன சாவியை எடுத்துக்கொள்' என்று சர்வரோடு பேச உதவும் எஸ்எஸ்எச் என்ற நிரலின் கன்ஃபிக் கோப்பில் எழுதி வைக்கிறோம். ஒரே முகவரிக்குப் பல பெயர் வைக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சாவி. டியூட்டி லேப்டாப்பில் சிங்கத்துக்கு ஒரு ஏலியாஸ், வாட்ச்மேனுக்கு ஒன்று, சுண்டெலிக்கு ஒன்று. சர்வருக்கு இந்தச் செல்லப் பெயர்கள் எதுவும் தெரியாது. எல்லாம் இந்தப் பக்கத்துப் பேச்சு.

கையேட்டில் மூன்று படி எழுதினேன். முதல் படி, உன் சாவியை உண்டாக்கி அதன் மறுபாதியை சர்வரில் பதிவு செய். இரண்டாம் படி, கன்ஃபிக் கோப்பில் உன் ஏலியாஸை எழுது. மூன்றாம் படி, அந்த ஏலியாஸை வைத்து சர்வரைச் சும்மா கூப்பிட்டுப் பார். சர்வர் உன் கணக்கின் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லும். சொன்னால் சரி. என் கணினியில் செய்து பார்த்தேன். 'வணக்கம், கையேடு!' என்றது. அது என் கணக்கு. மணி மணியாக வேலை செய்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை பிற்பகல், வழக்கப்படி வேறு கணினியில் சோதிக்க டியூட்டி லேப்டாப்பைக் கேட்டேன். சம்பவத்துக்குப் பிறகு வாட்ச்மேன் அதைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். மூடியை மட்டும் சாத்தியிருந்தார், அணைக்கவில்லை. நல்லவேளை என்று பிற்பாடு நினைத்தேன். அப்போது சோம்பேறி என்றுதான் நினைத்தேன்.

என் சாவியை அதில் வைத்தேன். ஏலியாஸ் எழுதினேன். எழுத்துக்கு எழுத்து என் கையேட்டில் இருந்தபடியே. மூன்றாம் படி. கூப்பிட்டேன்.

'வணக்கம், சுண்டெலி!' என்றது சர்வர்.

என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? இவள் எதையோ செய்து வைத்திருக்கிறாள் என்பதுதான். தடயத்தை அழிக்க என்னவோ நோண்டியிருக்கிறாள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி சுண்டெலி. என் ஏலியாஸைச் சொல்லி, என் சாவியைக் குறிப்பிட்டு, என் விரலால் தட்டினால் அவள் பெயரில் உள்ளே போகிறேன். வாட்ச்மேனின் ஏலியாஸைப் போட்டேன். சுண்டெலி. சிங்கத்தின் ஏலியாஸைப் போட்டேன். வணக்கம், சுண்டெலி.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. கணினிக்குள் ஏஜென்ட் என்று ஒரு எடுபிடி உண்டு. அடிக்கடி கடவுச்சொல் கேட்டுத் தொந்தரவு செய்யாமல் இருக்க, ஒரு சாவியை அவன் கையில் கொடுத்து வைக்கலாம். சுண்டெலி தன் டியூட்டி தொடங்கிய நாளில், முறைப்படிதான், தன் சாவியை அவன் கையில் கொடுத்திருக்கிறாள். அந்த லேப்டாப்பை அதற்குப் பிறகு யாரும் அணைக்கவே இல்லை. யார் எந்த ஏலியாஸில் போய்க் கதவைத் தட்டினாலும், எடுபிடி தன் கையில் இருக்கும் சாவியைத்தான் முதலில் நீட்டுகிறான். சர்வர் அதைப் பார்த்ததும் கதவைத் திறந்து, சுண்டெலி வந்தாள் என்று எழுதிக்கொள்கிறது. கோப்பில் குறிப்பிட்ட சாவிக்கு முறையே வருவதில்லை. 'நான் சொன்ன சாவியை மட்டும் காட்டு' என்று ஒவ்வொரு ஏலியாஸுக்கும் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. எங்கள் ஆபீஸில் ஒருவருமே எழுதவில்லை.

மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினால், அந்தக் கணினியில் முன்பு தட்டிய கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். என்னுடையவற்றைத் தாண்டித் தட்டிக்கொண்டே போனேன். வந்தது. கட்டாயமாகத் தள்ளும் அந்தக் கட்டளை. சிங்கத்தின் ஏலியாஸ் வழியாக.

பாவிப் பெண், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். திரும்பத் திரும்பச் சொன்னாள், நான் சர்வரை நம்பினேன்.

உடனே சிங்கத்திடம் போய்க் காட்டுவதற்குத்தான் எழுந்தேன். இரண்டு அடி வைத்ததும் புத்தி தடுத்தது. காட்டினால் என்ன சொல்வார்? 'உங்க நாத்தனாரக் காப்பாத்த நீங்களே இத டைப் பண்ணியிருக்கலாமே' என்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானே அப்படித்தான் கேட்பேன். 'சரி, பாக்கறேன்' என்று லேப்டாப்பை வாங்கி ஒருமுறை அணைத்து எழுப்பினால் போதும். எடுபிடியின் கை காலியாகிவிடும். அதன் பிறகு எல்லார் ஏலியாஸும் அவரவர் பெயரை ஒழுங்காகச் சொல்லும், என் வார்த்தை காற்றில் போகும். அவர் வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஒரு சின்னத் திருத்தத்தைத் தள்ளப் பார்த்திருப்பார், சர்வர் தடுத்திருக்கும், தன்னை யார் தடுப்பது என்று அழுத்தியிருப்பார். ஆனால் பதிவில் தன் பெயர் இல்லாததை அவர் கவனிக்கவே இல்லையா? அது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வழி ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஆபீஸில் கையேடு வாசிப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. வேறொருவர் எல்லார் முன்னாலும், பெரிய திரையில், கையேட்டில் உள்ளதை மட்டும் படித்து ஒவ்வொரு படியாகச் செய்வார். எங்காவது அவர் தடுக்கி விழுந்து 'தப்பு' என்று சொன்ன பிறகுதான் எழுதியவர் பேசலாம். இந்த மாதிரிப் பெரிய விஷயம் என்றால் வாசிக்கிறவர் எப்போதும் சிங்கம்தான். திரைக்கு முன்னால் உட்கார அவருக்கு அவ்வளவு ஆசை.

ஆக, அந்த ஒரு வரியைக் கையேட்டில் நான் சேர்க்கவில்லை. லேப்டாப்பில் நான் எழுதிய ஏலியாஸையும் சாவியையும் அழித்துவிட்டு, மூடியைச் சாத்தி வாட்ச்மேனிடம் கொடுத்தேன்.

"சார்ஜ்ல போட்டு வைங்க. அணைச்சிடாதீங்க. நாளைக்கு வாசிப்புக்கு இதான் வேணும்."

"ஏன் மேடம் அணைக்கக் கூடாது?"

"ஏதோ அப்டேட் ஓடிட்டிருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சந்தேகப் பார்வை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் சார்ஜில் போட்டார்.

வீட்டுக்கு வந்தேன். சுண்டெலி உள்ளறையில் தன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நாளைக்கு என்ன பண்ணட்டும் அண்ணி? ஒத்துக்கிட்டுப் போயிடட்டுமா?"

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவள் முகத்தில் எதுவும் தங்காது. சந்தோஷம் வந்தால் பால்கனிக்குப் போய் யாரிடமாவது சொல்லிவிடுவாள். அந்த யாரோ இன்னொரு யாரோவிடம் சொல்வார். காலையில் சிங்கத்தின் காதுக்குப் போனால் கதை முடிந்தது. இப்படியெல்லாம் கணக்குப் போட்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எதுவும் பண்ணாத. நாளைக்குப் பாத்துக்கலாம், போய்ப் படு" என்றேன். நான் அக்கறையாகத்தான் சொன்னேன். என் குரல் எப்போதும் போலத்தான் இருந்திருக்கும்.

"சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு மறுபடி துணி மடிக்க உட்கார்ந்தாள். பிறகு அந்த அறையிலிருந்து விசும்பல் கேட்டது. நாளைக்கு இந்நேரம் இவள் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிப் படுத்தேன். என் திட்டத்தை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் நான் கிளம்புவதற்குள் அவள் போய்விட்டிருந்தாள்.

கூட்ட அறையில் ஏழெட்டுப் பேர். சுண்டெலி கதவோரம் கடைசி நாற்காலியில். நான் எழுதியவருக்கான நாற்காலியில், சுவரோடு. சிங்கம் டியூட்டி லேப்டாப்பைப் பெரிய திரையோடு இணைத்தார். மூடி திறந்ததும் எனக்கு மூச்சு வந்தது. அணைக்கவில்லை.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்றார் சிங்கம். "போன வாரம் நடந்தது முடிஞ்சு போச்சு. யாருன்னு இனிமே பேச வேணாம். அவங்களே காலைல வந்து, நான்தான் பண்ணேன்னு ஒத்துக்கிட்டாங்க. பெருந்தன்மையா விட்டுட்டேன். இன்னிக்கு அவங்களுக்குக் கடைசி நாள்."

சுண்டெலியைப் பார்த்தேன். அவள் தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. எழுதியவர் வாய் திறந்தால் வாசிப்பு நின்றுவிடும், லேப்டாப்பை மூடிவிடுவார்கள், எல்லாம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிங்கம் வாசித்தார். முதல் படி. "இது ஏற்கெனவே இருக்கு, தாண்டிடலாம்." இரண்டாம் படி. கோப்பைத் திறந்து தன் ஏலியாஸைச் சுட்டிக் காட்டினார். "பாருங்க, என்னோடது. முகவரி, சாவி, எல்லாம் கரெக்டா இருக்கு. இவ்வளவு சுலபம். இத ஒழுங்கா வெச்சிருந்தா தப்பு நடக்குமா?" மூன்றாம் படியை உரக்கப் படித்தார். "இப்போது சர்வர் உங்கள் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லும்." தட்டினார்.

சுவர் அகலத் திரையில் எழுத்து வந்தது. வணக்கம், சுண்டெலி!

யாரோ களுக்கென்று சிரித்து, சிரித்ததை இருமலாக மாற்றினார்கள். சிங்கம் மறுபடி தட்டினார். மறுபடி சுண்டெலிக்கே வணக்கம். மூன்றாம் முறை எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினார். அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"என்ன மேடம் இது? உங்க கையேடு தப்பு."

அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேன்.

"கையேட்டுல ஒரு வரி குறையுது சார். அது இங்க எந்த ஏலியாஸுக்குமே இல்ல" என்று எழுந்தேன். ஏஜென்ட் கையில் யாருடைய சாவி இருக்கிறது, யார் தட்டினாலும் எது முதலில் போகிறது, எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த வாரம் இந்த லேப்டாப்ல யார் எத புஷ் பண்ணியிருந்தாலும் சுண்டெலின்னுதான் பதிவாகியிருக்கும்."

"இருங்க இருங்க" என்றார் சிங்கம். "நேத்து இந்த லேப்டாப் உங்க கையில இருந்தது. அவங்க உங்க நாத்தனார். நீங்களே அந்தச் சாவிய உள்ள வெச்சிருக்க மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

நான் எதிர்பார்த்த கேள்விதான். ஆனால் நேரில் கேட்கும்போது முகத்தில் அறைந்தது போல இருந்தது.

வாட்ச்மேன்தான் பேசினார். அதுவரை தன் கணினியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் சார். அந்த வாரம் ஆரம்பத்துல சர்வர்ல ஒரு சின்னக் கோளாறு. சுண்டெலிகிட்ட லேப்டாப்ப வாங்கி, என் ஏலியாஸ்ல நான்தான் ஒரு திருத்தம் போட்டேன். இப்ப சர்வர் பதிவுல பாக்கறேன், அதுவும் சுண்டெலி பேர்லதான் இருக்கு. இது சர்வர்ல இருக்கற பதிவு சார், மேடம் தொட முடியாது." அவர் கொஞ்சம் தயங்கினார். "லேப்டாப் உங்ககிட்ட இருந்தப்ப நீங்க ஏதாவது புஷ் பண்ணீங்களா சார்?"

"ஒரு லோகோ மாத்தினேன். நிறம் சரியில்லன்னு. அவ்வளவுதான்."

"அன்னிக்கு உங்க பேர்ல ஒண்ணுமே பதிவாகல சார்."

சிங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆனா அவங்களே ஒத்துக்கிட்டாங்களே!" என்றார்.

எல்லாரும் கதவோரம் திரும்பினார்கள்.

"ஒத்துக்கோன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள் சுண்டெலி. மெல்லத்தான் சொன்னாள்.

அதன் பிறகு சிங்கம் நிறையப் பேசினார். எல்லாருக்கும் ஒரு பாடம் என்றார், தொழில்நுட்பக் கோளாறு என்றார், கையேட்டில் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். கடைசியாக, எங்கோ பார்த்துக்கொண்டு, "நீ வழக்கம்போல வேலையப் பாரும்மா" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. பரவாயில்லை, வேலை போகாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வெளியே நடைவழியில் சுண்டெலி தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள். நான் வேகமாகப் போய் அவள் தோளைப் பிடித்தேன். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணி?"

"நேத்து சாயங்காலமே தெரிஞ்சுபோச்சு. வெளிய சொன்னா அந்தாளு லேப்டாப்ப அணைச்சிடுவார்னு..."

"நேத்தா?" என்றாள். "நான் துணி மடிச்சிட்டிருந்தப்பவா?"

"உன்கிட்ட சொன்னா நீ யார்கிட்டயாவது சொல்லிடுவியோன்னு பயம். அதுக்குள்ள நீ போய் ஒத்துக்குவேன்னு நான் கனவா கண்டேன்?"

"எப்படி நடந்துச்சுன்னு நீங்க சொல்லியிருக்க வேணாம் அண்ணி. யாருன்னும் சொல்லியிருக்க வேணாம்." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ பண்ணலன்னு மட்டும் சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். வீட்லயே நம்பல, வெளிய யார் நம்பப்போறாங்கன்னுதான் போனேன்."

கடைசியில் அவள் கேட்டதையே சொன்னேன்.

"நீ பண்ணல."

"இப்ப எல்லாருக்கும் தெரியும் அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.